கேப்டன் வலுசிம்பியின் வாரிசு

கேப்டன் வலுசிம்பி செத்தானா இல்லையா என்ற சண்டை நாத்தேத்தே வட்டாரத்தில் இரண்டு வருடமாக நடந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு தேர்தல் வந்து போனது. தேர்தல் பேச்சு மூன்று வாரத்தில் அடங்கிவிட்டது. வலுசிம்பி பேச்சு அடங்கவில்லை.

வலுசிம்பி ஒரு விண்கலத்தின் தலைவன். படத்தில் அவனுக்கு வேறு பெயர், ஏதோ வெள்ளைக்காரப் பெயர். அது யாருக்கும் ஞாபகமில்லை. முதல் பாகம் ஹாஜி கத்தெரெகாவின் வீடியோ ஹாலில் ஓடிய அன்று, டிவிக்குப் பக்கத்தில் மைக்கோடு உட்கார்ந்திருந்த விஜே கிபுயாகா, திரையில் அந்த முகம் வந்ததுமே, "இவன் பேரு வலுசிம்பி, புனுகுப்பூனை குலம், அப்பா மசாகாவுல லாரி ஓட்டுறாரு" என்று ஊர்மொழி லுகாண்டாவில் சொல்லிவிட்டார். அவர் சொன்னால் சொன்னதுதான். திரையில் ஓடும் ஆங்கிலம் வெறும் இரைச்சல். கதை கிபுயாகாவின் வாயிலிருந்துதான் வரும். கப்பலின் பெண் பொறியாளருக்கு நமுலி என்று பெயர் வைத்து வலுசிம்பிக்குக் கட்டிவைத்தவரும் அவர்தான். எந்நேரமும் புத்தி சொல்லிக்கொண்டிருந்த ரோபோவுக்கு வாத்தியார் என்று பெயர்.

இப்போது மூன்றாம் பாகம் வந்துவிட்டது. அதில் வலுசிம்பி இருக்கிறான். முகம்தான் வேறு.

புதன்கிழமை மத்தியானம், வாடகைக்கு ஆள் ஏற்றும் போடா பைக் நிறுத்தத்தில் பத்துப் பேர் ஒரு போனைச் சுற்றி நின்று முன்னோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். போன் சலோங்கோ கிகோசியுடையது. நிறுத்தத்தின் தலைவர் அவர்தான். இரட்டைப் பிள்ளைகளைப் பெற்றதால் சலோங்கோ. அவர் மனைவி நலோங்கோ எதிரிலேயே சப்பாத்தி சுட்டுக்கொண்டிருந்தாள். கிகோசியும் புனுகுப்பூனை குலம்தான் என்பதால் வலுசிம்பி விஷயத்தில் தனக்குக் கூடுதல் உரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தார்.

"இது அவனே இல்ல. மூக்கப் பாரு," என்றார்.

"மூக்காலயா கப்பல் ஓட்டுறான்?" என்றாள் நலோங்கோ, மாவைத் தட்டிக்கொண்டே. "தோளப் பாரு. இந்தத் தோளுக்கு நான் ரெண்டு தடவ டிக்கெட் வாங்குவேன்."

"கட்டினவன் இங்கதான் நிக்கிறேன்."

"நிக்கிறது தெரியுது. தோளுதான் தெரியல."

பழைய நடிகர் ஏன் போனார் என்பதற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். இயக்குநரோடு அடிதடி என்றான் ஒருவன். சர்ச் ஊழியத்துக்குப் போய்விட்டார், இனி நடிக்கமாட்டார் என்றான் இன்னொருவன். உடம்பு பெருத்துவிட்டது, விண்வெளி உடுப்பில் நுழையவில்லை என்றான் மூன்றாமவன். புது ஆள் போலீஸ்காரன் மாதிரி இருக்கிறான், கேப்டன் மாதிரி இல்லை என்பதில் மட்டும் ஆண்கள் எல்லாருக்கும் ஒரே கருத்து. கிகோசி இதையெல்லாம் காதில் வாங்கவே இல்லை. அவருடைய கேள்வி வேறு. மூக்கு எப்படியும் போகட்டும். செத்தவன் எப்படி வந்தான்?

அந்த நேரத்தில்தான் நசூனா அந்தப் பக்கமாக நடந்து போனாள். முப்பத்து நான்கு வயது, ஒல்லி. கையில் எப்போதும் ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகம். ஒன்பது வருடம் கிபுயாகாவுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மிக்ஸரைப் பார்த்துக்கொண்டவள்.

கிகோசி மரியாதை வைத்துக் கூப்பிட்டார். "நசூனா ஞாபோ, இங்க வா. உங்க கிபுயாகா எங்கள அழ வச்சாரு. இந்த ஆளு சிரிச்சுக்கிட்டு நிக்கிறான். அவரு பொய் சொன்னாரா?"

"ஞாயித்துக்கிழமை மூணு மணிக்கு வாங்க, செபோ," என்றாள் அவளும் மரியாதையாக.

"மைக்குல யாரு?"

"நான்."

போடாக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஒரு பெண் விஜேவை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லை. அவள் குரலும் அதற்கேற்றது அல்ல. மளிகைக் கடையில் மூன்றாவது ஆளாக நின்று சோப்புக் கேட்கிற குரல். "கேப்டனும் மாறிட்டான், குரலும் மாறிடுச்சா," என்று ஒருவன் முணுமுணுத்தான். நசூனா நடந்துகொண்டே இருந்தாள். அவளை அரித்தது வேறு விஷயம். கிபுயாகா பொய் சொல்லவில்லை. அவரிடம் தவறாகச் சொன்னது அவள். அது அவளைத் தவிர உயிரோடு இருக்கும் ஒருவருக்கும் தெரியாது.

வேலை முறை இப்படி. கிபுயாகா எந்தப் படத்தையும் முன்கூட்டிப் பார்க்கமாட்டார். முன்னாடியே பார்த்தால் குரல் செத்துப்போகும் என்பார். கூட்டத்தோடு சேர்ந்து அவரும் முதல் தடவையாகத்தான் பார்ப்பார். ஆனால் கதை தெரியாமல் கதை சொன்னால் மாட்டிக்கொள்வோமே, அதற்குத்தான் நசூனா. அவள் ஆங்கிலம் படித்தவள். வெள்ளிக்கிழமை ஹாலின் பின்னறையில் படத்தைத் தனியாகப் பார்த்து நோட்டில் எழுதிவைப்பாள். ஞாயிற்றுக்கிழமை காட்சியின்போது கையால் அவருக்குச் சைகை கொடுப்பாள். சட்டைக் கையை இழுத்தால் இவர்கள் இருவரும் சேருவார்கள். முழங்கையில் இரண்டு தட்டு என்றால் இவன் சொல்வது பொய். மணிக்கட்டை முழுதாகப் பிடித்தால் இவன் சாகப்போகிறான். மணிக்கட்டைப் பிடித்ததும் கிபுயாகாவின் குரல் ஒரு படி இறங்கும். ஹாலில் இருப்பவர்கள் ஏன் என்று தெரியாமலே சோடா பாட்டிலைக் கீழே வைப்பார்கள்.

இரண்டாம் பாகத்தின் கடைசியில் வலுசிம்பியின் தலைக்கவசம் வெடித்து, அவன் பனிக்குள் மூழ்கி, மேலே பனி மூடிக்கொண்டது. இசை எழுந்தது. பெயர்கள் ஓட ஆரம்பித்தன. பெயர்கள் ஓடினால் நிறுத்திவிடுவது எல்லா ஹாலிலும் உள்ள வழக்கம். எவனோ வெள்ளைக்காரன் விளக்குப் பிடித்தான், இன்னொருவன் கோட் தைத்தான் என்பதை உட்கார்ந்து படிக்க யாருக்கு நேரம்? அடுத்த காட்சிக்குக் கூட்டம் வெளியே நிற்கும். நசூனாவும் வெள்ளிக்கிழமை அங்கேயே நிறுத்திவிட்டு, 'வலுசிம்பி இறக்கிறான்' என்று எழுதி அடிக்கோடு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மணிக்கட்டைப் பிடித்தாள்.

கிபுயாகா அன்று சொன்னதைப் போல் வாழ்நாளில் வேறெதையும் சொன்னதில்லை. மசாகாவில் லாரி ஓட்டும் தகப்பனுக்கு யார் போன் செய்வது என்றார். நமுலியை யார் தலைமுழுகவைப்பது என்றார். பிணம் பனிக்கடியில் கிடக்கிறது, எதைப் புதைப்பது என்றார். கிகோசி சட்டைக் காலரால் கண்ணைத் துடைத்தார். அடுத்த வாரம் அவரே வந்து, செத்தவனுக்குக் கடைசிச் சடங்கு செய்து வாரிசு நியமிக்க வேண்டாமா, குலத்துக்கு இழுக்கு என்று பாதி விளையாட்டாகவும் பாதி உண்மையாகவும் கேட்டார். வாரிசுக்குப் போர்த்தும் மரப்பட்டைத் துணியை அவ்வளவு உயரத்துக்கு யார் தூக்கிக்கொண்டு போவது என்று கிபுயாகா சிரித்து மழுப்பிவிட்டார்.

ஒரு மாதம் கழித்து ரோட்டுக்கு அந்தப் பக்கத்து ஹாலில் படம் பார்க்கும் பையன்கள் போனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெயர்கள் எல்லாம் ஓடி முடிந்த பிறகு அரை நிமிடக் காட்சி ஒன்று இருந்தது. பனி. பனியைக் கிழித்துக்கொண்டு ஒரு கை. விரல்கள் அசைகின்றன.

"உங்க விஜே புளுகன்," என்று கத்திவிட்டுப் போனார்கள்.

நசூனா பக்கத்தில்தான் இருந்தாள். கிபுயாகா அவளைப் பார்க்கவில்லை. கேட்டவர்களிடமெல்லாம் ஒரே பதிலைச் சொன்னார்: "என் ஹாலுல செத்தவன் செத்தவன்தான்." கேலி செய்தார்கள். சிலர் அந்தப் பக்கத்து ஹாலுக்கே போய்விட்டார்கள். அவர் அதே பதிலைத்தான் சொன்னார். தன் உதவியாளர் சொல்லித்தான் சொன்னேன் என்று ஒரு தடவைகூட வாயைத் திறக்கவில்லை. அவளிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சொல்லவேண்டும் என்று அவள் தினமும் நினைத்தாள். ஏழு மாதத்தில் சிறுநீரகம் பழுதாகி அவர் செத்துப்போனார். அவருக்குப் பெயர்கள் எதுவும் ஓடவில்லை.

அதற்குப் பிறகு ஹாஜி, டவுனில் பெரிய விஜேக்கள் பேசிப் பதிவு செய்த படங்களை வாங்கிவந்து ஓட்டினார். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பதிவு செய்த குரலிடம் கேள்வி கேட்டால் பதில் வராது. கிகோசி திரையைப் பார்த்து ஏதாவது சொன்னால் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருக்கும். கூட்டம் பாதியானது. நசூனா ஒரு ஜெராக்ஸ் கடையில் அடுத்தவர்களின் விண்ணப்பங்களைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மூன்றாம் பாகம் வெளியானதும் ஹாஜியிடம் போய்ப் படத்தின் நகல் தன்னிடம் இருக்கிறது, ஒரு ஞாயிற்றுக்கிழமை கொடுங்கள் என்று கேட்டாள்.

ஹாஜி நேராகவே சொன்னார். கூட்டம் கடைசிவரை உட்கார்ந்திருந்தால் இனி எல்லா ஞாயிறும் அவளுடையது. எழுந்து போய் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்டால் அவள் ஜெராக்ஸ் கடைக்கே போகலாம், அவர் பதிவு செய்த படத்துக்கே போவார். வாசல் பலகையில் படத்தின் பெயரை எழுதிவிட்டு, விஜே பெயர் எழுதும் இடத்தைக் காலியாக விட்டார்.

மைக் கிபுயாகாவின் வாரிசிடம் இருந்தது. போன டிசம்பரில் கிராமத்தில் கடைசிச் சடங்கு நடந்து, அவருடைய தம்பி மகன் டெனிசை நியமித்திருந்தார்கள். அவருக்கு மகன் இல்லை, நான்கும் பெண்கள். மரப்பட்டைத் துணியைப் போர்த்தி, கையில் ஈட்டியைக் கொடுத்து, இன்றிலிருந்து இவன்தான் அவன் என்று பெரியவர்கள் சொன்னார்கள். டெனிசுக்கு முப்பது வயது. ந்தேபாவில் பழைய டயர் விற்பவன். படம் பார்க்கிற பழக்கமே கிடையாது.

நசூனா போனபோது அவன் ஒரு டயருக்குள் தண்ணீர் ஊற்றி ஓட்டை தேடிக்கொண்டிருந்தான்.

"உன்ன எப்படிக் கூப்பிடுறதுன்னே தெரியல எனக்கு," என்றாள்.

"எனக்கும்தான். பெரியப்பா பொண்ணுங்க என்ன அப்பான்னு கூப்பிடுறாங்க. பெரியவளுக்கு என்ன விட நாலு வயசு கூட. ஸ்கூல் பீஸ் கேக்கும்போது மட்டும் ரொம்ப மரியாதையா கூப்பிடுறா, அவ பையனுக்கு." டயரைத் திருப்பினான். "பெரியம்மாவோட அண்ணன் போன வாரம் வந்து, 'மச்சான், தொண்ணூத்தெட்டுல என் சைக்கிள வாங்கிட்டுப் போனியே'ன்னு கேட்டாரு. அப்ப எனக்கு மூணு வயசு."

"என்ன சொன்ன?"

"என்ன சொல்றது? மன்னிச்சுக்கோ மச்சான், தொலைச்சுட்டேன்னு சொன்னேன்."

பின்னறையிலிருந்து மைக்கை எடுத்து வந்தான். கைப்பிடியில் கிபுயாகா சுற்றிய சிவப்பு டேப் அப்படியே இருந்தது. நசூனா அதை வாங்கிக்கொண்டாள். போகாமல் நின்றாள். வலுசிம்பி விஷயத்தைச் சொல்லத்தான் வந்திருந்தாள். அதற்குள் ஒரு லாரிக்காரன் வந்து நான்கு டயர் வேண்டும் என்று அதட்டினான். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று டெனிஸ் கையைக் காட்டினான்.

வெள்ளிக்கிழமை அவள் மூன்றாம் பாகத்தைக் கடைசிப் பெயர் வரை பார்த்தாள். கோட் தைத்தவன், சமைத்தவன், நாயைப் பழக்கியவன், எல்லாரையும். அதற்குப் பிறகு இருந்ததையும் பார்த்தாள். நோட்டின் முதல் பக்கத்தில், 'வலுசிம்பி சாகவில்லை. நடிகர் மட்டும் மாற்றம். சொல்லிவிடு' என்று எழுதினாள்.

ஞாயிறு மூன்று மணிக்கு ஹால் நிரம்பிவிட்டது. தகரக் கூரை வெயிலில் கொதித்தது. ரோட்டுக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள்கூட வந்திருந்தார்கள், தோற்பதைப் பார்க்க. கிகோசி முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். நலோங்கோ சப்பாத்திக் கல்லை அணைத்துவிட்டு வந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் தோளைப் பற்றி முன்கூட்டியே விளக்கிக்கொண்டிருந்தாள். டெனிஸ் கடைசி வரிசையில், கதவு ஓரமாக. ஹாஜி டிக்கெட் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு கதவில் நின்றார்.

முதல் இருபது நிமிடம் சுமாராகப் போனது. நசூனாவின் குரல் சின்னதுதான். அவள் அதைப் பெரிதாக்க முயலவில்லை. புறணி பேசுகிற மாதிரி சொன்னாள். வாத்தியார் ரோபோவை ஒரு பள்ளி ஆய்வாளரைப் போலப் பேசவைத்தபோது இரண்டு மூன்று இடங்களில் சிரிப்பு வந்தது. பிறகு விண்கலத்தின் கதவு திறந்தது. புகை. புகைக்குள்ளிருந்து புது ஆள் வந்தான். நமுலி கையிலிருந்ததைக் கீழே போட்டாள்.

"கேப்டன் வலுசிம்பி," என்றாள் நசூனா மைக்கில்.

ஹால் ஊளையிட்டது. பலகைகளைத் தட்டினார்கள். செத்தவனை நாங்கள் காதாலேயே புதைத்தோம் என்றான் ஒருவன். அந்தப் பக்கத்துக்காரர்கள் "புளுகன், புளுகன்" என்று தாளம் போட்டார்கள். கிகோசி எழுந்து நின்று கையைத் தூக்கினார். சத்தம் குறைந்தது.

"படத்த நிறுத்து. ஒரே ஒரு கேள்வி. கிபுயாகா எங்ககிட்ட பொய் சொன்னாரா?"

நசூனா படத்தை நிறுத்தினாள். புது ஆளின் முகம் புகைக்கு நடுவில் வாயைத் திறந்தபடி நின்றது. ஹாஜி பெட்டியைத் திறந்தார். விஜேக்கள் மன்னிப்புக் கேட்பதில்லை என்பது கிபுயாகா அவளுக்குச் சொன்ன முதல் பாடம். ஆமாம் என்றாலும் இல்லை என்றாலும் படம் ஓடும், பேசிச் சமாளி என்பார். சமாளிக்க அவள் மூன்று வழி யோசித்து வைத்திருந்தாள். நோட்டை மூடிவிட்டாள்.

"அவரு பொய் சொல்லல," என்றாள். "அவரு படத்த முன்னாடி பாக்கவே மாட்டாரு. நான்தான் பாத்துச் சொல்லுவேன். யாராவது சாகப்போறாங்கன்னா அவரு மணிக்கட்டப் பிடிப்பேன். அன்னிக்கு நான்தான் பிடிச்சேன். பேரெல்லாம் ஓடினப்புறம் ஒரு காட்சி இருந்துச்சு, நான் பாக்கல. தப்பு என்னோடது. உங்ககிட்ட திட்டு வாங்கினது அவரு. என் பேர அவரு சொல்லல. நானும் சொல்லல."

கூரைத் தகரம் வெயிலில் முறுக்கிக்கொண்டு சத்தம் போட்டது.

"அப்ப ரெண்டு வருஷமா நான் என் மச்சான்கூட பேசாம இருக்கிறது உன்னாலயா?" என்றான் ஒருவன் நடுவிலிருந்து.

கொஞ்சம் சிரிப்பு. ஆனால் பின்வரிசையில் ஏழெட்டுப் பேர் எழுந்துவிட்டார்கள். காசைக் கொடு ஹாஜி என்றார்கள். ஒருவர் எழுந்தால் ஹால் முழுக்க எழும், அது எப்போதும் நடப்பதுதான். நசூனா மைக்கை மேசையில் வைத்தாள்.

"உக்காருங்கடா," என்றாள் நலோங்கோ. கத்தவில்லை. சப்பாத்தி கேட்டு இடிப்பவர்களைச் சொல்வது போலச் சொன்னாள். "வெள்ளைக்காரன் அவன் ஊருல என்ன வேணா காட்டிக்கட்டும். நம்ம ஹாலுல வலுசிம்பி செத்துட்டான். கிபுயாகா சொல்லிட்டாரு, அழுது முடிச்சாச்சு. அத யாரும் திருப்பி எடுக்க முடியாது. இப்ப வந்து நிக்கிறது வேற ஆளுன்னு குருடனுக்குக்கூட தெரியும். மூக்கு வேற, தோளு வேற. ஆனா பேரு அவன் பேரு, நாற்காலி அவன் நாற்காலி. செத்தவன் பேர வாங்கிட்டு வேற ஒருத்தன் வந்து நின்னா அவன நாம என்னன்னு கூப்பிடுவோம்? உங்க வீட்டுல யாரும் சாகவே இல்லையா?"

கிகோசி மனைவியைத் திரும்பிப் பார்த்தார். திரையைப் பார்த்தார். அந்த மூக்கை ரொம்ப நேரம் பார்த்தார்.

"வாரிசு," என்றார்.

அந்தச் சொல் வரிசை வரிசையாகப் பின்னால் போனது. எழுந்து நின்றவர்கள் பாதி உட்கார்ந்த நிலையில் நின்றார்கள். நசூனா மைக்கை எடுத்தாள். நோட்டில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. படத்தை ஓடவிட்டாள்.

நமுலி புது ஆளை நோக்கி நடந்து வந்து பளாரென்று ஒரு அறை விட்டாள். ஆங்கிலத்தில் அவள் கேட்டது, இத்தனை நாள் எங்கே போயிருந்தாய் என்பது. நசூனா சொன்னது இது: "என் புருஷன் பேர வாங்கிட்டு வந்துட்ட. பேருக்கு மட்டும் வந்தியா, கப்பலயும் ஓட்டுவியா? வாத்தியாரோட ரெண்டு வருஷம் தனியா மாட்டிக்கிட்டேனே, அப்ப எங்கடா இருந்தீங்க நீங்க எல்லாரும்?"

ஹால் வெடித்தது. புது ஆள் கன்னத்தைத் தடவிக்கொண்டு பனியைப் பற்றி, குளிரைப் பற்றி, மூச்சு நின்றதைப் பற்றி ஏதோ சொன்னான். எழுதியிருந்தபடி அது அவன் பிழைத்த கதை. நசூனா ஒரு கணம் தடுமாறினாள். பிறகு டெனிஸ் மன்னிப்புக் கேட்ட அந்தச் சைக்கிள் ஞாபகம் வந்தது.

"நான் பனிக்குள்ள விழுந்தேன், நமுலி," என்றாள், ஆண் குரலில் இல்லை, தன் சின்னக் குரலிலேயே. "அப்ப நான் மசாகாவுல லாரி கழுவிக்கிட்டு இருந்தேன். ஆனா விழுந்தது நான்தான். இனிமே அப்படித்தான்."

இதை யாருக்கும் விளக்கவேண்டியிருக்கவில்லை. கடைசி வரிசையில் ஒருவன் மட்டும் மற்றவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தான். டெனிஸ்.

அதன் பிறகு படம் தானாக ஓடியது. படக்காரர்கள் எழுதிவைத்த ஒவ்வொரு வசனமும் வாரிசுக்குப் பொருந்தியது. பழைய எதிரி வந்து பழைய கணக்கைத் தீர்க்கச் சொன்னான், வாரிசு தீர்த்தான். கப்பலிலிருந்த வலுசிம்பியின் சின்ன மகள் அவனை அப்பா என்று கூப்பிட்டாள், முதலில் விழித்தான், பிறகு பழகிக்கொண்டான். சிக்கல் ஒன்றுதான் வந்தது. நோட்டின் பதினான்காம் பக்கத்தில் ஒரு முத்தம் இருந்தது. வாரிசு விதவையை முத்தமிடலாமா? முகங்கள் நெருங்கின. கிகோசி நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"சலோங்கோ, கண்ண மூடிக்கோங்க," என்றாள் நசூனா. "குலத்துப் பெரியவங்க இதப் பாத்தா பஞ்சாயத்து வைக்கணும்."

கிகோசி கண்ணை மூடிக்கொண்டார். விரலிடுக்கு வழியாகப் பார்த்தார் என்று நலோங்கோ பிறகு ஊரெல்லாம் சொன்னாள்.

கடைசியில் வாத்தியார் செத்தது. கப்பலைக் காப்பாற்ற வெடிக்கும் அறைக்குள் தானே நடந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. அந்தக் காட்சி வருவதற்கு ஒரு நிமிடம் முன்பு, பழக்கத்தில், நசூனாவின் இடது கை காலியாக இருந்த பக்கத்து நாற்காலிக்குப் போய் மரக் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தது. அவள் குரல் ஒரு படி இறங்கியது. ஹாலில் பாட்டில்கள் ஒவ்வொன்றாகக் கீழே வைக்கப்பட்டன. வாத்தியார் கடைசியாக ஒரு கணக்குச் சொன்னதும் அதன் பச்சைக் கண் அணைந்தது. கணக்கு சரிதான், ஆனால் பெருக்கலை இன்னும் கவனமாகச் செய் என்று நசூனா சேர்த்துக்கொண்டாள். நடுவில் யாரோ மூக்கைச் சிந்தினார்கள்.

பெயர்கள் ஓட ஆரம்பித்தன. ஹாஜி கதவைத் திறக்கப் போனார். வெளியே பந்தாட்டக் காட்சிக்கு ஆட்கள் நின்றார்கள்.

"யாரும் எந்திரிக்காதீங்க," என்றாள் நசூனா.

ஏழு நிமிடம். நூற்றுச் சொச்சம் பேர் வேர்த்துக்கொண்டு, தெரியாத பெயர்கள் மேலே போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நலோங்கோ சத்தமாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். நீளமான பெயர் வந்தால் கைதட்டினார்கள். வெளியே பந்தாட்டக்காரர்கள் தகரத்தைத் தட்டினார்கள், ஹாஜி அவர்களைத் திட்டினார். திரை இருண்டது. கரிந்த உலோகம். சாம்பல். சாம்பலுக்கு நடுவில் ஒரு சின்னப் பச்சை வெளிச்சம், விட்டு விட்டு.

வந்த சத்தத்தில் அந்தப் பக்கத்து ஹாலில் படம் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தீப்பிடித்துவிட்டது என்று ரோட்டுக்கு ஓடி வந்தார்களாம்.

காசை யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ஹாஜி பெட்டியைப் பூட்டிவிட்டு, அடுத்த ஞாயிறு இரண்டரைக்கே ஆரம்பித்துவிடு, பந்தாட்டக்காரர்கள் கதவை உடைத்துவிடுவார்கள் என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து வரக்கூடிய பாராட்டு அவ்வளவுதான்.

வெளியே சண்டை தொடங்கியிருந்தது. ஒரு கூட்டம் முத்தம் தவறு என்றது. பிள்ளைகளுக்குத் தகப்பனாக வந்தவன் விதவையை எப்படித் தொடலாம் என்றது. இன்னொரு கூட்டம், அது விண்வெளி, அங்கே பெரியவர்கள் யார் என்றது. வேறு இரண்டு பேர் நசூனாவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். குரல் பத்தாது, சண்டைக் காட்சியில் ஈ பறப்பது மாதிரி இருக்கிறது என்றான் ஒருவன். இருந்தாலும் பெண்கள் பேசுவதைப் பெண்கள் மாதிரியே பேசுகிறாள், கிபுயாகா எல்லாப் பெண்ணையும் ஒரே கிழவி மாதிரி பேசவைப்பார் என்றான் மற்றவன். நசூனா அவர்களைத் தாண்டிப் போய், நலோங்கோவின் கடையில் பீன்ஸ் போட்ட சப்பாத்தி வாங்கி நின்றபடியே தின்றாள். இரண்டு நாளாக ஒழுங்காகச் சாப்பிட்டிருக்கவில்லை.

டெனிஸ் வந்து பக்கத்தில் நின்றான். மைக்கைத் துணியில் சுற்றி அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை.

"உள்ள எல்லாருக்கும் சொன்ன," என்றான். "என்கிட்ட சொல்லல."

அவள் அவனைப் பார்த்தாள். அவன் விளையாடவில்லை. நிமிர்ந்து நின்றான். மரப்பட்டைத் துணியைப் போர்த்தியபோது இப்படித்தான் நின்றிருப்பான் என்று தோன்றியது. கைவிரல்களில் டயர்க் கறுப்பு.

வாயிலிருந்ததை விழுங்கினாள். "பாஸ்," என்றாள். கிபுயாகா போனபிறகு யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. "வலுசிம்பி விஷயத்துல நான் தப்பா பிடிச்சேன். நீங்க கேக்கவே இல்ல. நானும் சொல்லல. சொல்லியிருக்கணும்."

"சரி," என்றான். "கேட்டுட்டேன்."

நசூனா மறுபடியும் சப்பாத்தியைக் கடித்தாள். கிகோசி பைக் மேல் ஏறி நின்று குலச் சட்டத்தை விளக்கிக்கொண்டிருந்தார். யாரும் கேட்கவில்லை.

"ஒரு சந்தேகம்," என்றான் டெனிஸ், பழையபடி தோளைத் தளர்த்தி. "அவன் அவளுக்கு முத்தம் குடுத்தானே, அது சரியா? நானும் வாரிசுதான். எனக்கு யாரும் அப்படி ஒண்ணும் சொல்லித் தரல. பெரியம்மாவப் பாத்தாலே பயமா இருக்கு."

நசூனாவுக்குப் புரையேறியது. சிரிப்பில் பீன்ஸ் சட்டையில் சிந்தியது. மறுபடியும் மைக்கை நீட்டினாள்.

"நீயே வச்சுக்கோ," என்றான் அவன். "நான் டயர்கிட்டயா பேசப்போறேன்?"